ஃபிரேமுக்கு வெளியே நடந்ததை நீங்கள்தான் எழுத முடியும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கேட்டவரின் கணவர் புகைப்படக்காரர். கல்யாணப் படங்களில் வந்த காசில்தான் குடும்பம் ஓடியது, மனசு மட்டும் செங்கல் சூளை, சாயப்பட்டறை, சாக்கடைக்குள் இறங்குகிறவர்கள் பக்கமே இருந்தது. போன வருஷம் இறந்துவிட்டார். பீரோ நிறைய நெகட்டிவ், கொஞ்சம் ஹார்ட் டிஸ்க், நாலைந்து டைரி. அவருடைய வாழ்க்கையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார். "மனைவி எழுதினால் புகழ்ச்சியாகத்தானே இருக்கும்" என்று வீட்டிலேயே சொல்கிறார்களாம். எழுதலாமா, எப்படி எழுதுவது?

எழுதுங்கள். ஆனால் 'ஏழைகளுக்காகவே வாழ்ந்தார்' என்று தொடங்கும் புத்தகமாக அது இருந்தால் உங்கள் வீட்டார் சொல்வது சரியாகிவிடும். எந்த விருது, எந்தக் கண்காட்சி என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் தேடி எழுதிவிடுவார்கள். அந்தப் படம் எடுத்த அன்று காலையில் என்ன நடந்தது, அந்த வீட்டுக்குள் யார் கூட்டிப்போனார்கள், படம் வெளிவந்த பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆனது, அவர் தூங்கினாரா இல்லையா, இதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இதை உலகத்தில் எனக்குத் தெரிந்து மிக நேர்மையாகச் செய்தவர் ஒருவர் இருக்கிறார், அவரும் ஒரு புகைப்படக்காரரின் மனைவிதான், அவர் கதையை வைத்தே சொல்கிறேன்.

புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் பெயரை உங்கள் கணவர் நிச்சயம் சொல்லியிருப்பார். 1918-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர், இரண்டாம் உலகப்போரில் ஒகினாவாவில் படுகாயம் பட்டவர். 1951-இல் தெற்கு கரோலினாவில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த மாட் கேலன் என்ற நர்ஸைப் பற்றி 'லைஃப்' இதழில் அவர் செய்த படக்கட்டுரையைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய பணத்தில் அங்கே ஒரு கிளினிக்கே கட்டினார்கள். அப்படிப்பட்ட ஆள் 1970-இல் உடம்பும் பணமும் தேய்ந்து நியூயார்க்கில் இருந்தபோது, ஃபியூஜி ஃபிலிம் விளம்பரம் ஒன்றுக்காக அவரைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஒரு குழு வந்தது. மொழிபெயர்க்க வந்த பெண் அய்லீன் மியோகோ. அம்மா ஜப்பானியர், அப்பா அமெரிக்கர், வயது 20. ஸ்மித்துக்கு 51. அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஜப்பானில் கல்யாணம், செப்டம்பரில் மினமாட்டாவில் வாடகை வீடு. மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று போனவர்கள் மூன்று வருஷம் இருந்தார்கள்.

மினமாட்டா கதை தெரியாதவர்களுக்காக: ஜப்பானின் குமமோட்டோ மாவட்டத்தில் கடலோர ஊர். சிஸ்ஸோ என்ற கம்பெனி 1932-லிருந்து 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. மீனுக்குள் போய், மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன, அப்புறம் மனிதர்கள். 1956 மே 1 அன்றுதான் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. வயிற்றிலிருந்த பிள்ளைகளையும் விஷம் விடவில்லை. (பாதரசம் என்றதும் நம்மில் பலருக்குக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை ஞாபகம் வரும். அதன் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்குச் சமரசம் கிடைக்க 2016 ஆகிவிட்டது.)

இப்போது இதைக் கவனியுங்கள். ஸ்மித்துக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மீனவர் வீட்டில் யார் என்ன சொன்னாலும், நீதிமன்றத்தில் என்ன நடந்தாலும், கம்பெனி முதலாளிகளோடு நோயாளிகள் மேஜைக்கு மேஜை முட்டிக்கொண்டு பேசிய கூட்டங்களில் யார் யாரைத் திட்டினாலும், எல்லாம் அய்லீன் காது வழியாகத்தான் அவருக்குப் போனது. அதோடு அய்லீனும் கேமராவைப் பழகிப் படம் எடுத்தார். 1975-இல் வந்த 'மினமாட்டா' புத்தகத்தின் அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், உள்ளே அய்லீன் எடுத்த படங்களும் இருக்கும். ஆனாலும் ஸ்மித்தைப் பற்றிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் அவர் 'மனைவி' என்று ஒரு வரியில் வந்துவிட்டுப் போய்விடுவார். கணவரைப் பற்றி எழுத உட்காரும் மனைவிகளும் இதே வேலையைத் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அடக்கம் என்று நினைத்து தங்களை அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நடந்தது தப்பாகப் பதிவாகிவிடும். சூளைக்குள் முதலில் பெண்களோடு பேசி உட்கார்ந்தது நீங்கள் என்றால் அதை எழுத வேண்டும். ஃபிலிம் ரோல் வாங்க உங்கள் வளையல் அடகுக்குப் போனது என்றால் எந்தக் கடை, எந்த வருஷம், எவ்வளவு என்று எழுத வேண்டும்.

அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் மில்டன் ரோகோவின் என்று ஒருவர் இருந்தார். கண் பரிசோதகர், இடதுசாரி. 1957-இல் கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய நாடாளுமன்றக் குழு முன் அவரை நிறுத்தினார்கள், உள்ளூர்ப் பத்திரிகை ஊரின் பெரிய 'சிவப்பு' இவர்தான் என்று முத்திரை குத்தியது, கண்ணாடிக் கடைக்கு வரும் கூட்டம் குறைந்துபோனது. அதற்குப் பிறகுதான் அவர் முழு மூச்சாகக் கேமராவைத் தூக்கினார், ஏழைகளின் தெருவில் அதே குடும்பங்களைப் பல வருஷ இடைவெளியில் மறுபடி மறுபடி எடுத்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது மனைவி ஆன் வாங்கிய ஆசிரியர் சம்பளத்தில். அந்தப் படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. சம்பளக் கணக்கைச் சொல்லாமல் அவருடைய சமூகநீதிப் பற்றை மட்டும் சொன்னால் அது பாதிக் கதைகூட இல்லை.

மினமாட்டாவுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் முக்கியமான இடம் இனிமேல்தான்.

1971 டிசம்பரில் ஸ்மித் ஒரு படம் எடுத்தார். பிறவியிலேயே பாதரசம் தாக்கிய டொமோகோ கமிமுரா என்ற பெண்ணை அவள் அம்மா குளியல் தொட்டியில் ஏந்திப் பிடித்துக் குளிப்பாட்டுகிறார். விரைத்து வளைந்த கைகால், மேலே பார்க்கும் கண், அந்தக் கண்ணைப் பார்த்தபடியே இருக்கும் அம்மா முகம். டொமோகோவுக்கு அப்போது 15 வயது. விஷத்தையெல்லாம் இவளே வாங்கிக்கொண்டதால்தான் அவளுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று அந்த அம்மா நம்பினார், அவளை வீட்டின் செல்வமாகவே வைத்திருந்தார். அம்மாவின் சம்மதத்தோடு எடுத்த படம்தான். 1972 ஜூனில் 'லைஃப்' இதழில் வந்தது, மினமாட்டா என்ற பெயர் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்ததில் அந்த ஒரு படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ நீதிமன்றம் கம்பெனியின் மேல்தான் குற்றம் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புக்குக் காரணம் படம் இல்லை, பல வருஷம் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்ற நோயாளிகள்தான் காரணம். புகைப்படக்காரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அளவு மீறிவிடுவார்கள், நீங்கள் மீறாதீர்கள்.

டொமோகோ 1977-இல் 21 வயதில் இறந்தாள். அடுத்த வருஷம் அக்டோபரில் ஸ்மித்தும் அரிசோனாவில் போய்விட்டார். அதற்கு முன்பே அவரும் அய்லீனும் பிரிந்திருந்தார்கள். ஆனால் மினமாட்டா படங்களின் உரிமை அய்லீனிடம் இருந்தது, அந்தப் படம் பாடப்புத்தகத்திலும் போஸ்டரிலும் கண்காட்சியிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊருக்குள்ளோ அந்தக் குடும்பத்தைப் பார்த்து, பெண்ணின் படத்தை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று வம்பு. மகளுக்கு இனியாவது ஓய்வு வேண்டும் என்பதுதான் பெற்றோரின் எண்ணமாக இருந்தது. 1997-இல் ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சி அந்தப் படத்தைக் கேட்டபோது அவர்கள் மறுத்தார்கள். இது அய்லீனுக்குத் தெரியவந்ததும், 1998-இல் மினமாட்டாவுக்கே போய் அவர்களைப் பார்த்து, அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே கொடுத்துவிட்டார். இனி புதிதாக எங்கும் வெளியிடுவதில்லை என்று அறிவித்தார். பெரிய அருங்காட்சியகக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, உலகத்துக்குச் சொந்தமான படத்தை மறைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை, அவர் செய்தது சரி. கணவர் எதற்காகக் கேமராவைத் தூக்கினாரோ அதைக் காப்பாற்றுவதற்காக கணவரின் மிகப் புகழ்பெற்ற படத்தையே உள்ளே எடுத்து வைத்தார். அதற்காக அவரைச் சிலையாக்கவும் வேண்டாம். 2020-இல் மினமாட்டா பற்றி வந்த திரைப்படத்தில் அந்தப் படம் அவர் சம்மதத்தோடு மறுபடி வெளியே வந்தது, அதை எதிர்த்தும் ஆதரித்தும் பேச்சு நடந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் வேறு மாதிரி முடிவெடுத்தார், அவ்வளவுதான். உங்கள் பீரோவிலும் இப்படி ஒன்றிரண்டு படம் இருக்கும். மலக்குழியில் இறந்தவரின் மனைவி, உடம்பைப் பார்த்து அழுகிற பிள்ளை. பிள்ளைக்கு இப்போது கல்யாண வயது ஆகியிருக்கலாம். புத்தகத்தில் போடுவதற்கு முன்னால் ஆளைத் தேடிப் போய்க் கேளுங்கள். அந்தத் தேடலும் உங்கள் பதிவில் ஒரு அத்தியாயமாக வரட்டும், மறுத்தவர்கள் மறுத்தார்கள் என்பது உட்பட. படத்துக்குப் பதிலாக அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டாலும் தப்பில்லை.

படத்துக்குக் கீழே எழுதுகிற குறிப்புக்கு வருவோம். பலரும் தட்டிக்கழிக்கிற வேலை, பிறகு தலைவலி தருவதும் இதுதான்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் கூடாரத்தில் கிடந்த ஒரு தாயையும் பிள்ளைகளையும் எடுத்தார். 1930-களில் அமெரிக்காவின் பொருளாதாரம் சரிந்த காலத்தின் முகம் என்றே அந்தப் படத்தை உலகம் வைத்திருக்கிறது. லாங் அன்று அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே தெரிய 1978 ஆனது, அதற்குள் லாங் இறந்து 13 வருஷம். கார் டயரை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங் எழுதியிருந்ததைக் குடும்பத்தார் மறுத்தார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார்கள். ஃப்ளாரன்ஸ் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பெண் என்பதும் படத்தோடு சேர்ந்து பயணிக்கவில்லை. அந்த நிபோமோ மதியம் மட்டும்தான் இப்படி. மற்றபடி லாங் குறிப்பெடுப்பதில் மகா கெட்டி. கணவர் பால் டெய்லர் பெர்க்கிலியில் பொருளாதாரப் பேராசிரியர். இரண்டு பேருமாகக் காரில் போவார்கள், டெய்லர் கூலி, பயிர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருக்க, லாங் படம் எடுப்பார், திரும்பும்போது கேட்ட பேச்சை அப்படியே எழுதிவைப்பார்கள். 1935-இல் அவர்கள் சேர்ந்து கொடுத்த அறிக்கைகளுக்குப் பிறகுதான் ஊர்விட்டு ஊர் வந்த விவசாயக் கூலிகளுக்கு மேரிஸ்வில்லிலும் ஆர்வினிலும் அரசு முகாம்கள் வந்தன. அரசாங்கக் கணக்கில் புகைப்படக்காரர் என்று ஒரு வேலையே இல்லாததால் முதலில் லாங்கைத் தட்டச்சர் என்று காட்டிச் சம்பளம் கொடுத்தார்கள் என்பது கூடுதல் தகவல். லாங் 1965-இல் இறந்த பிறகு நெகட்டிவ், பிரின்ட், குறிப்பேடு எல்லாவற்றையும் டெய்லர் ஓக்லாந்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுத்தார் பாருங்கள், அது பெரிய காரியம். படம் மட்டும் போயிருந்தால் ஆட்கள் எல்லாம் வெறும் 'ஏழை' ஆகியிருப்பார்கள்.

அதனால் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை. கணவரோடு களத்துக்குப் போன நண்பர்கள், சங்கத்துக்காரர்கள், முடிந்தால் படத்தில் இருக்கிறவர்களே, ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பிரின்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். "இது யாரு?" என்ற ஒரு கேள்வி போதும். படத்தைக் கையில் பிடித்தவர்கள் படத்தில் இல்லாததையெல்லாம் பேசுவார்கள். பின்னால் தெரிகிற டீக்கடை யாருடையது, மேஸ்திரி எங்கே நின்றுகொண்டிருந்தான், உங்கள் கணவர் அன்றைக்குக் கேமராவை எடுக்காமலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது. பெயர், ஊர், தேதி, சொன்னவர் யார் என்பதைக் கணினியில் ஏற்றும்போது நெகட்டிவ் உறையில் இருக்கும் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்புச் சொல்ல அவசரம் வேண்டாம்.

கணவரின் குறைகளை எழுதலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் 'புகழ்ச்சி' என்ற வார்த்தைக்குப் பின்னால் அந்தக் கேள்வி இருக்கிறது. ஸ்மித் குடிகாரர், கூட வாழ்வது லேசான காரியமில்லை, முதல் மனைவியையும் பிள்ளைகளையும் வறுமையில் விட்டுவிட்டு வந்தவர். பிட்ஸ்பர்க் நகரத்தில் மூன்று வாரத்தில் 100 படம் எடுத்துத் தர ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 17,000 நெகட்டிவ் எடுத்து வைத்துக்கொண்டு அதிலேயே மூழ்கிப்போனவர். 1954-இல், ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சரைப் பற்றிய கட்டுரையில் வேறு நெகட்டிவிலிருந்து ஒரு ரம்பக் கைப்பிடியையும் ஒரு கையையும் எடுத்து ஒரே பிரின்ட்டில் சேர்த்தார். அதே ஆள்தான் 1972 ஜனவரி 7 அன்று நோயாளிகளோடு சிஸ்ஸோவின் கொய் ஆலைக்குப் போய், கம்பெனி ஆட்களிடம் அடி வாங்கி, கழுத்தும் பார்வையும் கெட்டும் மினமாட்டாவை விட்டுப் போகாமல் இருந்தார். இரண்டும் ஒரே மனிதர். அய்லீன் அவருடைய குடியைப் பற்றிப் பேசத் தயங்கியதே இல்லை, அதனாலேயே அந்த அடியைப் பற்றி அவர் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது. உங்கள் கணவர் பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வராமல் சூளைக்குப் போயிருந்தால், உங்களுக்கு அன்றைக்குக் கோபம் வந்திருந்தால், அந்தக் கோபத்தையும் எழுதுங்கள். இப்போது நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்று அதற்கு ஒரு பூசு பூச வேண்டாம்.

இப்போது பீரோ. நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியே பிரித்து வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பழைய வழவழப்பான பிவிசி உறைகளிலிருந்து எடுத்து பாலிப்ரொப்பிலீன் உறைக்கோ அமிலமில்லாத காகித உறைக்கோ மாற்றுங்கள். உறை மேல் அவர் கையெழுத்து இருந்தால் பழைய உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் ஆவணம். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சைதான் முதல் எதிரி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை இன்னும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். கல்யாண நெகட்டிவ்களையும் கழித்துவிடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது, அவற்றுக்கும் ஆராய்ச்சி மதிப்பு உண்டு. அதோடு, சூளைப் படங்களுக்கு ஃபிலிம் வாங்கித் தந்தது கல்யாணப் படங்கள்தானே.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் புகைப்படத்தின் பதிப்புரிமை எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 60 வருஷமும் இருக்கிறது. பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்த காலத்தில் எடுத்தவை என்றால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அந்த நிறுவனத்துக்குப் போகும், மற்றபடி உரிமை எடுத்தவருக்கே. பணம் வாங்கிக்கொண்டு எடுத்த கல்யாணப் படங்கள் பொதுவாக வாடிக்கையாளருடையவை. அவர் உயில் எழுதாமல் போயிருந்தால் உரிமை உங்களுக்கு மட்டும் வருவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளுக்கும், மாமியார் இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. எனவே ஏதாவது நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுப்பதாக இருந்தால் எல்லோரிடமும் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் பத்திரத்திலேயே இன்னின்ன எண்ணுள்ள படங்களை அந்தந்தக் குடும்பத்தைக் கேட்காமல் வெளியிடக் கூடாது என்று ஒரு ஷரத்தும் போடுங்கள். சில இடங்களில் முணுமுணுப்பார்கள். ஒப்புக்கொள்கிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள்.